ஈ என்று சொல்லுங்கள்

வரிசை எண் 4017.
நல்லவேளை, எண்ணைத் திரையில் காட்டிவிடுகிறார்கள்.
புஷ்பவல்லி என்று கூப்பிட்டால்
"இதோ" என்று சொல்ல
என்னிடம் காற்றுதான் இருக்கிறது.

இருபத்திரண்டு வருடம் நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளர்.
"நான் அந்தப் பையைத் தொடவில்லை" என்று
கூண்டில் இருப்பவர் தமிழில் சொன்னால்
நான் தொடவில்லை என்றுதான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.
அவர் தொடவில்லையாம் என்று சொல்லக் கூடாது.
எத்தனை பேருடைய நான்
இந்தத் தொண்டை வழியாகப் போயிருக்கும்!
குடித்துவிட்டு லாரி ஓட்டிய நான்,
மனைவியை அறைந்ததை ஒப்புக்கொண்டு
பிறகு ஒப்புக்கொள்ளாத நான்.

ஏப்ரலில் தைராய்டை எடுத்தார்கள்.
கட்டி போயிற்று.
பக்கத்தில் ஓடிய நூலளவு நரம்பு ஒன்று
கோபித்துக்கொண்டது.
அன்றிலிருந்து என் இடது குரல்நாண்
வாக்குமூலம் தர மறுக்கிறது.

நொவீனாவில், நான்காவது மாடி.
டாக்டர் கோ என் நாக்கைத் துணியால் பிடித்துக்கொண்டு
ஈ என்று சொல்லுங்கள் என்கிறார்.
அவருக்கு அது வெறும் ஓசை.
எனக்கு அது ஒரு பூச்சி,
அல்லது, கொடு.
எதைச் சொல்கிறேன் என்று தீர்மானிப்பதற்குள்
மூச்சு தீர்ந்துவிட்டது.
நான்கு விநாடி.
பதினைந்தாவது வேண்டுமாம்.

மின்னி மின்னி அணைகிற விளக்கில்
திரையில் இரண்டு வெள்ளை இழைகள்.
வலது நடுவில் வந்து நின்று காத்திருக்கிறது.
இடது வரவேயில்லை.
இவ்வளவு சின்னதையா நம்பி
வீட்டுக் கடன் கட்டினேன்?

வெளியே, நான் கிசுகிசுத்தால் எல்லாரும் கிசுகிசுக்கிறார்கள்.
தோ பாயோவில் தே கலக்குகிறவர்
திருட்டுச் சாமான் விற்கிறவர்போல் குனிந்து
"கோசோங்?" என்கிறார்.
அவருக்குத் தொண்டையில் ஒன்றும் இல்லை.

விழுங்கும் பரிசோதனை அடுத்த வாரம்.
எக்ஸ்ரே எந்திரத்துக்கு நடுவில் ஒரு நாற்காலி.
ஈய அங்கி மாட்டிய நூர் ஹஃபிஸா
பேரியம் கலந்த தண்ணீரை ஒரு கரண்டி கொடுத்தாள்,
பிறகு கோப்பையோடு,
பிறகு அதே வெள்ளையைத் தடவி ஒரு பிஸ்கட்.
சுவரை நக்கியதுபோல் இருந்தது.

புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்போம்.
எனக்குத்தான் புரையே ஏறுவதில்லையே,
நன்றாக விழுங்குகிறேன் என்றிருந்தேன்.
அவள் படத்தை நிறுத்திக் காட்டினாள்:
கறுப்பாய் ஒரு கோடு
மூச்சுக்குழலுக்குள் இறங்கிப் போகிறது,
செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு
பின்னிரவில் வீடு திரும்புகிறவனைப்போல.
ஒரு இருமல்கூட இல்லை.
யாருமே நினைக்காமல்
எனக்குள் இவ்வளவு நாளாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"இடப்பக்கம் திரும்பி விழுங்குங்கள், ஆன்ட்டி."
திரும்பினேன்.
கோடு சரியான வழியில் போனது.
இனிச் சாப்பாட்டு மேசையில்
பேச்சு வார்த்தை இல்லாதவள்போல்
கணவரிடமிருந்து முகத்தைத் திருப்பி
ஒவ்வொரு வாயாக விழுங்க வேண்டும்.
தேயில் மாவு போட்டு
பாகு பதம் வரும்வரை கலக்க வேண்டும்.
அது தே இல்லை. சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் சொல்வதில்லை.

ஜூலையில் கழுத்து வழியாக ஊசி.
நடுவுக்கு வராத நாணை
ஒரு துளிக் கூழ் வைத்துத் தள்ளிவிட்டார்கள்.
ஈ.
ஒன்பது விநாடி.
கரகரத்தது, ஆனால் கதவு சாத்துகிற சத்தம் அதில் இருந்தது.

"இப்போது ஏதாவது சொல்லுங்கள்" என்றார் டாக்டர் கோ,
"உங்களுக்குத் தோன்றுவதை."

நான், என்றேன்.

அதற்குப் பிறகு என்ன என்று
பழக்கத்தில் கூண்டிருக்கும் பக்கம் திரும்பினேன்.
அங்கே கை கழுவும் தொட்டி இருந்தது.

கூழ் மூன்று மாதம் தாங்குமாம்.
அதற்குள் யோசித்து வைக்கிறேன்.